வரிசை இல்லாத கல்லும் வரிசை மாறும் வெள்ளியும்



நகைக்கடைக்குப் போனால் பெரியவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? விலையைக் கேட்பார்கள். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

உங்களைப் போன்ற பிள்ளைகள் வேறு கேள்வி கேட்பீர்கள். இந்தக் கம்பியை இவ்வளவு மெல்லிசாக எப்படி இழுத்தார்கள்? இந்தக் குட்டி மணி எப்படி இவ்வளவு உருண்டையாக வந்தது? வெள்ளிக்கு நடுவே இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது?

சபாஷ்! அந்தக் கேள்விகளுக்குத்தான் இன்றைக்குப் பதில் தேடப் போகிறோம். ஆனால் நாம் பார்க்கப் போவது நம் ஊர் நகை இல்லை. ஆர்மேனியா நாட்டு நகை.

உலக வரைபடத்தை எடுங்கள். கருங்கடலைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அதற்குக் கிழக்கே காஸ்பியன் கடல். இரண்டுக்கும் நடுவில், மலைகளுக்குள் ஒரு சின்ன நாடு இருக்கிறது. அதுதான் ஆர்மேனியா. அதற்குக் கடற்கரையே கிடையாது. ஜார்ஜியா, அசர்பைஜான், ஈரான், துருக்கி ஆகிய நான்கு நாடுகள் அதைச் சுற்றி இருக்கின்றன. தலைநகரின் பெயர் யெரெவான்.

யெரெவானில் வெர்னிசாஜ் என்று ஒரு திறந்தவெளிச் சந்தை உண்டு. சனி, ஞாயிறுகளில் அங்கே கூட்டம் அலைமோதும். கையால் செய்த நகைகளை மேசை மேசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். வெள்ளியில் செய்த மாதுளம்பழங்கள். கறுப்புக் கல் மாலைகள். ஆர்மேனிய எழுத்துகளை வளைத்துச் செய்த பதக்கங்கள். சுழலும் சக்கரம் பொறித்த மோதிரங்கள். அந்தக் காலத்து ஆர்மேனியப் பெண்கள் இடுப்பில் கட்டிய அகலமான வெள்ளிப் பட்டைகளைப் பார்த்துச் செய்த புதுப் பட்டைகளும் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. இரண்டே பொருள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று கறுப்புக் கல். இன்னொன்று வெள்ளி. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். எப்படி எதிர் என்று தெரிந்துகொள்ள, முதலில் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

காலையில் மணி அடிக்கிறது. மைதானத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த எல்லாரும் என்ன செய்வீர்கள்? இறைவணக்கத்துக்கு வரிசையாக நிற்பீர்கள். முன்னால் நிற்பவர் தலைக்கு நேராக உங்கள் தலை. பக்கத்து வரிசைக்கு நேராக உங்கள் வரிசை. ஆனால் இப்படி நிற்க இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும் அல்லவா?

ஒருநாள் மணி அடித்த அடுத்த நொடியே தலைமையாசிரியர் "யாரும் அசையக் கூடாது!" என்று சொல்லிவிட்டார் என்று வையுங்கள். என்ன ஆகும்? ஓடினவர் ஓடின இடத்தில், குனிந்தவர் குனிந்த இடத்தில் நின்றுவிடுவீர்கள். கூட்டம் இருக்கும். வரிசை இருக்காது.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டீர்களா? நல்லது. எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை என்று உங்களுக்குத் தெரியும். அந்த அணுக்கள் வரிசையாக நிற்கின்றனவா, நிற்கவில்லையா? இந்த ஒரு கேள்விக்குள்தான் நம் கறுப்புக் கல்லும் வெள்ளியும் இருக்கின்றன.

முதலில் கல்.

ஆர்மேனியா எரிமலைகள் கட்டிய நாடு. இப்போது அவை அமைதியாக இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் அவை கக்கிய பாறைக்குழம்பு நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அர்தெனி, குதான்சார், ஹாதிஸ் என்று பல மலைகளில் ஒரு பளபளப்பான கறுப்புக் கல் கிடைக்கும். அதன் பெயர் அப்சிடியன். எரிமலைக் கண்ணாடி என்றும் சொல்லலாம். ஆமாம், அது உண்மையாகவே கண்ணாடிதான். இயற்கை உருக்கி வார்த்த கண்ணாடி!

எப்படி உண்டாகிறது? சில எரிமலைக் குழம்புகளில் சிலிக்கா மிகவும் அதிகம். நம் ஆற்றுமணலில் இருக்கிறதே, அதே சிலிக்கா. அப்சிடியனில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் அதுதான். சிலிக்கா அதிகமாக இருந்தால் குழம்பு மிகக் கெட்டியாகிவிடும். அதற்குள் அணுக்கள் எளிதாக நகர முடியாது. அந்தக் குழம்பு வெளியே வந்து சீக்கிரமாக ஆறிவிட்டால் என்ன ஆகும்?

நீங்களே சொல்லிவிட்டீர்கள்! "யாரும் அசையக் கூடாது" என்று சொன்ன கதைதான். வரிசையில் நிற்க நேரமே கிடைக்கவில்லை. அணுக்கள் இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டன. அப்படி உறைந்த திடப்பொருளைத்தான் கண்ணாடி என்கிறோம்.

வரிசை இல்லாததால் ஒரு விசித்திரம் நடக்கிறது. வரிசை உள்ள பல கற்களைத் தட்டினால், வரிசைக்கு இடையிலுள்ள பலவீனமான தளத்தில் நேராகப் பிளக்கும். அப்சிடியனில் அப்படிப்பட்ட தளமே இல்லை. தட்டினால் விரிசல் எந்தத் திசையிலும் போகலாம். அடி விழுந்த இடத்திலிருந்து வளைந்து வளைந்து பரவும். உடைந்த முகத்தைப் பார்த்தால் சிப்பியின் உள்பக்கத்தில் இருக்கிற வளையங்கள் மாதிரியே தெரியும். ஓரமோ, பயங்கரக் கூர்மை!

அந்தக் கூர்மையைக் கற்கால மனிதர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். யெரெவானுக்கு அருகில் நோர் கெகி என்ற இடத்தில் அப்சிடியன் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றின் வயது 3 லட்சத்து 25 ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது என்று 2014-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கொஞ்சம் யோசியுங்கள். எழுத்து இல்லை, உழவு இல்லை, பானைகூட இல்லை. அப்போதே ஒருவர் இந்தக் கல்லைக் கையில் எடுத்து, எங்கே தட்டினால் எப்படி உடையும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார். அவரும் ஒரு விஞ்ஞானிதான் என்பேன் நான்.

இன்னொரு ரகசியமும் உண்டு. ஒவ்வொரு எரிமலையின் அப்சிடியனிலும் ருபீடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம் ஆகிய தனிமங்கள் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். அளவு மலைக்கு மலை மாறும். கல்லின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், திரும்பி வருகிற ஒளியை வைத்து அந்த அளவைத் தெரிந்துகொள்ளலாம். அப்புறம் என்ன? ஒரு பழைய கத்தி எந்த மலையில் பிறந்தது, எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்று சொல்லிவிடலாம்.

சந்தையில் இருக்கிற அப்சிடியன் மாலைகளை உற்றுப் பார்த்தால் எல்லாம் கறுப்பாக இருக்காது. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தாதுத் துகள்கள் உண்டு. ஒருவகைத் துகள் கறுப்பைத் தரும். இரும்பு நன்றாக ஆக்சிஜனோடு சேர்ந்திருந்தால் செம்பழுப்பு வரும். குட்டிக் குட்டி வாயுக் குமிழிகள் அடுக்கடுக்காகச் சிக்கியிருந்தால், கல்லைத் திருப்பும்போது வெள்ளி நிறத்திலோ பொன் நிறத்திலோ ஒரு மினுமினுப்பு ஓடும். சில கற்களில் வெள்ளை வெள்ளையாகப் பூப்பூவாக இருக்கும். அதற்குப் பனிப்பூ அப்சிடியன் என்று பெயர். அந்த இடங்களில் மட்டும் அணுக்கள் தாமதமாக வரிசையில் நின்றுவிட்டன!

இந்தக் கல்லை நகையாக்குவது பொறுமையான வேலை. வைரத்தூள் பதித்த வட்ட ரம்பத்தால் அறுக்க வேண்டும். அறுக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏன்? கண்ணாடியில் வெப்பம் சீக்கிரம் பரவாது. ஓரிடம் மட்டும் சூடாகி விரிந்தால் கல் பட்டென்று வெடித்துவிடும். தண்ணீர் தூசியையும் அடக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அப்புறம் சொரசொரப்பான தூளில் தொடங்கி, நைசான தூள்வரை மாற்றி மாற்றித் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள்.

இதுவரை சரியா? ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இப்போது வெள்ளிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வெள்ளி உருகி ஆறும்போது அதன் அணுக்கள் ஒழுங்காக வரிசையில் நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் 35 லட்சம் வெள்ளி அணுக்களை நிறுத்தலாம். அவ்வளவு நெருக்கமான வரிசை.

ஆர்மேனிய நகைகளில் கம்பிவேலை என்று ஒன்று உண்டு. மெல்லிய வெள்ளிக் கம்பிகளை வளைத்து, சுருட்டி, சுருள்களை ஒன்றோடொன்று பற்றவைத்துப் பூவும் இலையும் செய்வார்கள். கம்பிகளுக்கு நடுவே காற்றும் வெளிச்சமும் புகுந்து போகும். கையில் எடுத்தால் கனமே தெரியாது.

அந்தக் கம்பியை எப்படிச் செய்கிறார்கள்? ஓர் எஃகுத் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் முந்தியதைவிடக் கொஞ்சம் சிறியது. நம் ஊர்ப் பொற்கொல்லர்களிடமும் இது உண்டு. கம்பியச்சு என்பார்கள். வெள்ளிக் கம்பியின் நுனியைக் கூராக்கி, பெரிய துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். அப்புறம் அடுத்த துளை. அப்புறம் அதற்கடுத்த துளை. கம்பி ஒவ்வொரு தடவையும் மெலிந்து நீளும்.

ஒரு கணக்குப் போடலாமா? பயப்படாதீர்கள், அழகான கணக்கு. ஒரு கிராம் வெள்ளியை எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிப்புக் கம்பியாக இழுத்தால் நீளம் சுமார் 12 செ.மீ. தடிப்பைப் பாதியாக்குங்கள், அரை மில்லிமீட்டர். நீளம் இருமடங்காகும் என்று நினைக்கிறீர்களா? இல்லை, நான்கு மடங்கு! 48 செ.மீ. இன்னும் பாதியாக்கினால் கிட்டத்தட்ட 2 மீட்டர். இன்னொரு முறை பாதியாக்கினால் கிட்டத்தட்ட 8 மீட்டர். ஏன் நான்கு மடங்கு என்று வட்டத்தின் பரப்பு தெரிந்த அண்ணன், அக்காவிடம் கேளுங்கள். வெள்ளி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. இடம்தான் மாறியது.

சரி, வெள்ளி ஏன் உடையாமல் நீள்கிறது? அப்சிடியனை இழுத்தால் நீளுமா? நீளாது, உடைந்துவிடும். இங்கேதான் வரிசையின் மகிமை. வரிசையாக நிற்கும் அணுக்கள், ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசையாக வழுக்கி நகரும். கைகளை விடுவித்துக்கொண்டு, ஓரடி நகர்ந்து, புதுப் பக்கத்து ஆளோடு மறுபடி கைகோத்துக்கொள்ளும்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கவனமாகக் கேளுங்கள். முழு வரிசையும் ஒரே சமயத்தில் நகர்வதில்லை. அதற்கு மிகப் பெரிய விசை வேண்டும். வரிசைகளில் எங்கோ ஒரு பிசகு இருக்கும். மைதானத்தில் ஒரு வரிசை பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஓரடி நகர்ந்து அதோடு சேர்ந்துகொள்கிறார். இப்போது பிசகு அவர் பக்கத்துக்குத் தள்ளிப்போகிறது. அடுத்தவர் நகர்கிறார். இப்படியே அந்தப் பிசகு மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் செய்கிறது. கடைசியில் பார்த்தால் எல்லாரும் ஓரடி நகர்ந்திருப்பார்கள். யாருக்கும் பெரிய சிரமமே இல்லை!

1934-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி டெய்லர், எகான் ஓரோவான், மைக்கேல் போலான்யி என்ற மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியே இந்த உண்மையைச் சொன்னார்கள். உலோகம் ஏன் வளைகிறது என்ற பழைய கேள்விக்கு அப்போதுதான் சரியான பதில் கிடைத்தது.

ஆனால் கம்பியை இழுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது முரண்டு பிடிக்கும். விறைத்துப்போகும். மேலும் இழுத்தால் அறுந்துவிடும். காரணம் என்ன? இழுக்க இழுக்கப் பிசகுகள் பெருகிவிடுகின்றன. மைதானத்தில் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளுமுள்ளு. ஒன்றை ஒன்று மறித்து, யாராலும் நகர முடியவில்லை.

அப்போது கொல்லர் என்ன செய்வார்? கம்பியை நெருப்பில் காட்டுவார். மங்கலான சிவப்பு நிறம் வந்ததும் எடுத்துவிடுவார். அந்தச் சூட்டில் அணுக்களுக்குத் தெம்பு வந்துவிடும். நெரிசலைக் கலைத்துக்கொண்டு புதிதாக, ஒழுங்காக நின்றுவிடும். வெள்ளி மறுபடி இளகிவிடும். இழு, சூடாக்கு, இழு, சூடாக்கு. வேலை இப்படித்தான் நடக்கும். அந்தச் சிவப்பைச் சரியாகப் பார்க்க பல பட்டறைகளில் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பார்கள். கொஞ்சம் தவறினாலும் கம்பி உருகிச் சொட்டிவிடும்.

இந்த வித்தை மிகப் பழையது. ஆர்மேனியாவில் கராஷாம்ப் என்ற இடத்தில் ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது 1987-இல் ஒரு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. சுமார் 4,000 ஆண்டுப் பழமை. அதன்மேல் வரிசை வரிசையாக விலங்குகளும் மனிதர்களும் புடைத்து நிற்கிறார்கள். இப்போது அது யெரெவான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இழுக்க இழுக்க இறுகுவது போலவே தட்டத் தட்டவும் வெள்ளி இறுகும். அவ்வளவு நுண்ணிய வேலை செய்த அந்தக் கைகளுக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும்.

இன்னொன்றைச் சொல்ல மறக்கக் கூடாது. சுத்த வெள்ளி மிகவும் மிருது. அன்றாடம் போட்டுக்கொள்ளும் மோதிரத்துக்கு அது ஆகாது, நசுங்கிவிடும். அதனால் கொஞ்சம் செம்பு சேர்ப்பார்கள். 925 என்று முத்திரை இருந்தால், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். ஆர்மேனியா 1991 வரை சோவியத் ஒன்றியத்தில் இருந்த நாடு. அந்தக் காலத்து நகைகளில் 875 என்ற முத்திரையைப் பார்க்கலாம். செம்பு சேர்த்தால் ஏன் உறுதி கூடுகிறது? செம்பு அணு வெள்ளி அணுவைவிடச் சிறியது. எட்டாம் வகுப்பு வரிசைக்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கங்கே நின்றால் வரிசை சீராக வழுக்க முடியுமா? முடியாது. பிசகு அந்தக் குட்டிப் பிள்ளையிடம் வந்து சிக்கிக்கொள்ளும். கம்பிவேலைக்கு மட்டும் மிருதுதான் தேவை. அதற்குச் சுத்தமான வெள்ளியாகப் பார்த்து எடுப்பார்கள்.

கம்பி தயார். இரண்டு மெல்லிய கம்பிகளை முறுக்கி, உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தட்டையாக்குவார்கள். ஓரத்தில் பல் பல்லாக ஒரு வேலைப்பாடு தானாக வந்துவிடும். கொஞ்சம் தடித்த கம்பியால் மாதுளம்பழத்தின் வெளிக்கோட்டை வளைப்பார்கள். உள்ளே சின்னச் சின்னச் சுருள்களைச் சாமணத்தால் எடுத்து நெருக்கி வைப்பார்கள்.

இப்போது ஒட்ட வேண்டும். பசையா? இல்லை. பற்றாசு என்று ஒரு கலவை. வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்த்தது. சுத்த வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். பற்றாசு அதற்கு 200 டிகிரிக்கு மேல் குறைவான சூட்டிலேயே உருகிவிடும். அதைப் பொடியாக அராவி, வெங்காரத்தோடு கலந்து தூவுவார்கள். வெங்காரம் எதற்கு? சூட்டில் உலோகத்தின்மேல் ஆக்சைடு படியும். படிந்தால் ஒட்டாது. உருகிய வெங்காரம் அதைக் கரைத்து, காற்றையும் தடுத்துவிடும்.

நெருப்பு பட்டதும் ஒரு மாயம் நடக்கும். தூவிய பொடி திடீரென்று மின்னி, கம்பிகளுக்கு இடையிலுள்ள சந்துகளுக்குள் ஓடிப் புகுந்துகொள்ளும். யாரும் தள்ளவில்லை. குறுகிய இடைவெளிக்குள் திரவம் தானாக ஏறும், அதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

மாதுளைக்குள் முத்துகள் வேண்டுமே! அதற்கு ஒரு துண்டுக் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி, கரித்துண்டின் மேல் வைத்துச் சூடாக்குவார்கள். ஒவ்வொரு துணுக்கும் உருகும்போது தானாகச் சுருண்டு அழகான உருண்டையாகிவிடும். திரவத்தின் வெளிப்பக்க அணுக்களுக்கு வெளியே இழுக்க ஆளே இல்லை. உள்ளே இருப்பவை மட்டும் இழுக்கின்றன. எல்லாப் பக்கமும் உள்ளே இழுத்தால், மிகக் குறைந்த மேற்பரப்புள்ள வடிவம்தான் கிடைக்கும். அது எது? கோளம். சொல்லிவிட்டீர்களா? கெட்டிக்காரர்கள்!

ஆர்மேனியர்களுக்கு மாதுளை என்றால் உயிர். செழிப்புக்கும் நிறைந்த குடும்பத்துக்கும் அது அடையாளம். ஒரு மாதுளையில் ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 முத்துகள் இருக்கும் என்று அங்கே சொல்வார்கள். அடுத்த தடவை வீட்டில் மாதுளை வாங்கினால் எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று பழங்களை எண்ணி நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் வேறு எண்ணிக்கை காட்டும்.

எழுத்துப் பதக்கங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆர்மேனிய எழுத்துகளை 405-ஆம் ஆண்டு வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி உருவாக்கினார். முதலில் 36 எழுத்துகள். பின்னால் இரண்டு சேர்ந்தன. பழைய ஏடுகளில் பறவைகளையே வளைத்து எழுத்தாக்கி வரைந்திருக்கிறார்கள். அந்தப் பறவை எழுத்துகளைப் பார்த்துப் பதக்கம் செய்பவர்கள் இன்றும் உண்டு. பிள்ளைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள்.

நம் சென்னைக்கும் இந்த எழுத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது தெரியுமா? ரத்தினமும் துணியும் விற்க வந்த ஆர்மேனிய வணிகர்கள் சென்னையில் குடியிருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் தெருவும், 1772-இல் கட்டிய அவர்களுடைய தேவாலயமும் இன்றும் இருக்கின்றன. உலகத்தில் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அஸ்தாரார். அதை 1794-இல் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் அச்சடித்து வெளியிட்டார். எங்கே? நம் சென்னையில்!

சரி, நகைக்குத் திரும்புவோம். வெள்ளிக்கு நடுவே இருக்கிற கறுப்புக் கோலம் மிச்சம் இருக்கிறதே!

அதற்கு நியெல்லோ என்று பெயர். வெள்ளி, செம்பு, காரீயம் மூன்றையும் உருக்கி, கந்தகத்தைச் சேர்ப்பார்கள். உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடு என்ற கறுப்புப் பொருளாக மாறும். ஆறவைத்துப் பொடியாக்குவார்கள். வெள்ளித் தகட்டில் உளியால் பள்ளமாகக் கோலம் செதுக்கி, அந்தப் பொடியை அதில் நிரப்பி, சூடாக்குவார்கள். வெள்ளி உருகுவதற்கு வெகு முன்பே பொடி உருகிப் பள்ளத்தை நிரப்பிவிடும். ஆறியதும் மேலே வழிந்ததை அரத்தால் ராவி, மெருகேற்றுவார்கள். பள்ளத்தில் இருக்கும் கறுப்பு மட்டும் நிற்கும். வெள்ளி தன்மேல் விழும் ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருப்பி அனுப்பும். கறுப்போ விழுங்கிவிடும். அதனால்தான் கோலம் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. காரீயப் புகையும் கந்தகப் புகையும் விஷம். இதைப் பெரிய கைவினைஞர்கள் மட்டும் தக்க பாதுகாப்போடு செய்ய வேண்டும்.

இந்த வேலையில் பெயர் பெற்ற ஊர் வான். வான் என்ற பெரிய ஏரிக்கரையில் இருக்கும் நகரம் அது. இப்போது துருக்கியில் இருக்கிறது. அங்கே இருந்த ஆர்மேனியக் கொல்லர்களின் இடுப்புப் பட்டைகளும் சிறு பெட்டிகளும் தூரதேசங்களுக்குப் போயின. 1915-இல் பெரிய கொடுமை நடந்தது. ஒட்டோமான் பேரரசில் வாழ்ந்த ஆர்மேனியர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் பல நாடுகளுக்குச் சிதறிப் போனார்கள். வீடும் பட்டறையும் போய்விட்டன. ஆனால் தொழில் கையில் இருந்தது. போன இடத்தில் மறுபடி உலை மூட்டினார்கள், பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். இன்று யெரெவான் சந்தையில் ஒரு கறுப்புக்கோல மோதிரத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பட்டறைகள்தான் நினைவுக்கு வரும்.

கறுப்பைப் பற்றி உங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தங்கையின் வெள்ளிக் கொலுசு நாளாக நாளாகக் கறுக்கிறதே, ஏன்? காற்றில் மிகக் குறைந்த அளவில் கந்தக வாயுக்கள் உண்டு. அவை வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகின்றன. நியெல்லோவில் கொல்லர் வேண்டுமென்றே செய்வதைக் காற்று இங்கே மெதுவாகச் செய்கிறது.

அந்தக் கறுப்பை நீங்கள் நீக்கலாம். அம்மா அல்லது அப்பா பக்கத்தில் இருக்கட்டும். ஒரு பீங்கான் கிண்ணத்தின் உள்ளே அலுமினியத் தாளை விரியுங்கள். கல் பதிக்காத வெள்ளிக் கொலுசை அதன்மேல் வையுங்கள். கொலுசு தாளைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது முக்கியம். இரண்டு கரண்டி சமையல் சோடா, ஒரு கரண்டி உப்பு போடுங்கள். சுடுதண்ணீரைப் பெரியவர்கள் ஊற்றட்டும். சில நிமிடங்களில் கறுப்பு மறையத் தொடங்கும். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாக அழுகிய முட்டை வாசனை வரலாம். அது வெள்ளியை விட்டுப் பிரிகிற கந்தகத்தின் வாசனை.

என்ன நடந்தது? அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்தது. வெள்ளி அவற்றை வாங்கிக்கொண்டு கந்தகத்தை விட்டுவிட்டு, மறுபடி வெள்ளியாகவே கொலுசில் தங்கிவிட்டது. தேய்த்துக் கழுவினால் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போய்விடும். இதில் பெரும்பாலான வெள்ளி அங்கேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. முத்தோ கல்லோ பதித்த நகையை இதில் போடாதீர்கள். யாராவது ஆர்மேனியாவிலிருந்து கறுப்புக்கோலம் போட்ட வெள்ளி மோதிரம் வாங்கி வந்திருந்தால், அதை இந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை. கறுப்பு எதனால் ஆனது என்று இப்போதுதான் படித்தீர்கள். காரணத்தை நீங்களே எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.